துணைப்பாத்திரங்களுக்கு ஒரு காதல்: பெண்–பெண் சரித்திரக் காதல் கதை எழுதப் புதிதாக வருவோருக்கு

காற்று பலமாக அடிக்கிறது. பாதிரியார் வீட்டுத் தோட்டக் கதவருகே தாழ்ந்த குதிரை வண்டி ஒன்று வந்து நிற்கிறது. வண்டியில் மெலிந்து வெளிறிய பணக்காரப் பெண் ஒருத்தி. பக்கத்தில் அவளுக்குத் துணையாக ஒரு முதிய அம்மாள். வீட்டுக்காரி ஷார்லட் வெளியே வந்து நின்றபடியே பேசிக்கொண்டிருக்கிறாள். கூடவே அவள் கணவர், காலின்ஸ் பாதிரியார். வாசற்படியில் ஷார்லட்டின் அப்பா; அந்தப் பணக்காரப் பெண் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் குனிந்து வணங்குகிறார். இவளை இந்தக் காற்றில் வெளியே நிறுத்திவைப்பது என்ன மரியாதை, உள்ளே வந்தால் என்ன என்று விருந்தாளியாக வந்திருக்கும் எலிசபெத் கடுகடுக்கிறாள். அவர் உள்ளே வருவதே அபூர்வம் என்று பதில் வருகிறது.

ஜேன் ஆஸ்டென் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 28ஆம் அத்தியாயம் இது. ஆஸ்டெனுக்கு எலிசபெத்தின் கதை முக்கியம். அவர் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறார். நாம் நகரத் தேவையில்லை. அந்த வண்டிக்காரப் பெண் ஏன் இறங்குவதில்லை, இறங்காமலே ஏன் மறுபடி மறுபடி வருகிறாள் என்று கேட்டுக்கொண்டு கதவருகிலேயே நின்றுவிட்டால், அதுதான் நாம் எழுதப்போகும் கதை.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழில் எழுதத் தொடங்கும் இளைய பெண்கள் சிலர், பழைய நாவல் ஒன்றின் ஓரத்தில் நிற்கும் இரண்டு பெண்களைக் காதலர்களாக்கி எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த வழிகாட்டி. ஆஸ்டெனின் நாவலையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு நாவலை எடுத்தாலும் படிகள் இவைதான்.

மூலத்தைத் தேர்ந்தெடுப்பது

முதலில் காப்புரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த பிறகு 50 ஆண்டுகள் வரை படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். உங்கள் நூல் தமிழ்நாட்டிலும் விற்க வேண்டுமென்றால் 60 என்றே கணக்கு வையுங்கள். ஆஸ்டென் இறந்தது 1817இல், எனவே கவலையில்லை. கல்கி மறைந்தது 1954இல். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியும்விட்டது. ஆனால் பொன்னியின் செல்வனை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பூங்குழலியைத் துணைப்பாத்திரம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

மூலத்தை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கில நாவல்களுக்கு குட்டன்பர்க் திட்டம், தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம். காப்பியம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் தேவந்தி இருக்கிறாள். கணவன் விட்டுப்போனவள், கண்ணகிக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டவள், கடைசியில் கண்ணகியின் கோயிலிலேயே பூசை செய்யும் பொறுப்பைச் செங்குட்டுவனிடமிருந்து பெறுகிறவள். இதற்கு மேல் ஒரு கதாசிரியருக்கு என்ன வேண்டும்!

இரண்டு பெண்களைத் தேடுவது

மூன்று கேள்விகள் போதும். இருவரும் வயதுவந்தவர்களா? அவர்கள் சந்திக்க மூலத்திலேயே காரணம் இருக்கிறதா? அவர்களில் ஒருத்தியைப் பற்றியாவது ஆசிரியர் பேசாமல் விட்டிருக்கிறாரா?

வயது விஷயத்தில் சலுகையே கிடையாது. எலிசபெத்தை மணக்கும் நாயகன் டார்சியின் தங்கை ஜார்ஜியானா பலருக்குப் பிடித்த பாத்திரம், ஆனால் நாவலில் அவளுக்குப் பதினாறு வயதுதான். விட்டுவிடுங்கள். தமிழின் தொடக்ககால நாவல்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 1893இலிருந்து விவேக சிந்தாமணியில் தொடராக வந்த கமலாம்பாள் சரித்திரத்தின் லட்சுமி, கல்யாணமாகும்போது சிறுமி. அந்தக் காலத்து நாவல்களில் மாமியார், நாத்தனார், விதவை அத்தை என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள், கதையும் அங்கேதான் அதிகம்.

ஆஸ்டெனின் நாவலில் எலிசபெத்தின் தங்கை மேரி பென்னட்டை எடுக்கலாம். தாத்தாவிடமிருந்து 10,000 பவுன் பெற்ற மேரி கிங்கை எடுத்து, லிவர்பூலில் மாமாவிடம் அனுப்பப்பட்ட பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்று எழுதலாம். இவர்களை எடுத்தால் வயதை நீங்கள்தான் தெளிவாக நிறுவ வேண்டும். எனக்கு ஷார்லட்டையும் வண்டியில் வந்த ஆன் டி பர்க்கையும் விட்டு நகர மனமில்லை. ஷார்லட்டுக்கு 27 வயது என்று ஆஸ்டெனே சொல்கிறார். ஆனின் வயதைச் சொல்லவில்லை, ஆனால் கண்டுபிடித்துவிடலாம்: ஆனும் டார்சியும் தொட்டிலில் கிடந்தபோதே அவர்கள் கல்யாணத்தைத் தீர்மானித்துவிட்டதாக ஆனின் அம்மா லேடி கேத்தரின் சொல்கிறார், டார்சிக்கு 28. ஆனும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

இரண்டு பத்தி நோட்டு

இதுதான் முக்கியமான படி. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மூலம் சொல்வது. வலப்பக்கம் மூலம் சொல்லாமல் விட்டது. உங்கள் இரு பெண்களின் பெயரும் வரும் ஒவ்வொரு வரியையும் எழுதி முடிக்கும்வரை கதையில் ஒரு சொல்கூட எழுத வேண்டாம். கற்பனையை அடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மூலத்தில் காலூன்றி நின்றால்தான் அது எவ்வளவு தூரம் தாவும் என்று தெரியும்.

ஷார்லட்–ஆன் நோட்டில் இடப்பக்கம் விழுபவை இவை.

ஆண்கள் மீதோ கல்யாண வாழ்க்கை மீதோ ஷார்லட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. இருந்தாலும் கல்யாணமே அவள் குறிக்கோள், ஏனென்றால் படித்த, பணமில்லாத பெண்ணுக்கு மானமாகப் பிழைக்க வேறு வழியில்லை. இது 22ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லியே சொல்வது. நான் எதையும் திரிக்கவில்லை. காதல் கீதல் எனக்கு வராது, ஒரு வசதியான வீடு போதும் என்று அவளே எலிசபெத்திடம் சொல்லவும் செய்கிறாள்.

வீட்டில் வெளிச்சமான பெரிய அறை இருக்க, ஷார்லட் பின்புறத்துச் சின்ன அறையைத் தன் இருப்பிடமாக வைத்துக்கொள்கிறாள். முன்னறையில் உட்கார்ந்தால் கணவர் எந்நேரமும் வந்து உட்கார்ந்துவிடுவார் என்பதுதான் காரணம். அவர் தோட்டவேலை செய்வது உடம்புக்கு நல்லது என்று ஊக்கப்படுத்துகிறாள்.

காலின்ஸின் படிப்பறை தெருவைப் பார்த்தது. ஆனின் வண்டி போகும்போதெல்லாம் ஓடிவந்து பெண்களிடம் சொல்வார். வண்டி ஏறக்குறைய தினமும் போகும். ஆன் அடிக்கடி நிறுத்தி, ஷார்லட்டோடு சில நிமிடம் பேசுவாள். இறங்கச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டாள். இது 30ஆம் அத்தியாயம். பாதிரியார் வீட்டுக்கும் லேடி கேத்தரினின் ரோசிங்ஸ் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்துதான்.

ஆன் நாவல் முழுவதிலும் நமக்குக் கேட்கும்படி ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. துணைக்கு இருக்கும் மிசஸ் ஜென்கின்சனிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்வாள். அந்த அம்மாள் இவள் எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறாள் என்று கவனிப்பார், அவள் கண்ணுக்கு முன்னே திரையைச் சரியாக நகர்த்தி வைப்பார்.

இப்போது வலப்பக்கத்துக்கு வாருங்கள். அந்தச் சில நிமிடங்களில் இருவரும் என்ன பேசினார்கள்? நாவலில் ஒரு வரியும் இல்லை. யாரோடும் பேசாத ஒரு பெண், தன் அம்மாவுக்குக் கும்பிடு போடும் பாதிரியாரின் மனைவியிடம் பேச ஏன் அடிக்கடி வண்டியை நிறுத்துகிறாள்? பின்னறையைத் தேர்ந்தெடுத்தவளுக்குத் தெருவில் வரும் வண்டிச் சத்தம் கேட்குமா, அல்லது கணவர் ஓடிவந்து சொல்வதற்காகக் காத்திருப்பாளா? காலின்ஸ் தன் வாயாலேயே மனைவிக்கு அவள் காதலியின் வரவை அறிவித்துக்கொண்டிருக்கிறார்! ஆஸ்டெனே சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மூலத்தோடு மோதாமல், மூலத்தின் ஒரு வரியையும் பொய்யாக்காமல், அது கண்ணை எடுத்த இடத்தில் உங்கள் கதை நடக்க வேண்டும். மூலத்தைத் தெரிந்த வாசகர் உங்கள் கதையைப் படித்துவிட்டு நாவலைத் திரும்ப எடுத்து, ‘அட, இது இங்கேயே இருந்ததே’ என்று சொன்னால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஷார்லட்டைத் திடீரென்று வாள் வீசவைத்தால் அது வேறொருத்தியின் கதை. அவள் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு

கேட்கத்தான் செய்வார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலினார் பட்லர், சாரா பான்சன்பி என்ற இரு பெண்கள் 1778இல் அயர்லாந்தில் தங்கள் வீடுகளைவிட்டு ஓடிவந்தார்கள். 1780இலிருந்து வேல்ஸில் லாங்கோலன் என்ற ஊரில் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1829இல் பட்லர் இறக்கும்வரை பிரியவில்லை. ஊரே அவர்களைப் பார்க்கப் போனது. அவர்களுக்குள் இருந்தது என்ன என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆன் லிஸ்டர் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. 1791இல் பிறந்த இந்த யார்க்‌ஷயர் நிலச்சுவான்தார், சுமார் 50 லட்சம் சொற்கள் கொண்ட நாட்குறிப்பு எழுதினார். பெண்களோடு தனக்கிருந்த உறவை எல்லாம் கிரேக்க எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் கலந்த ஒரு சங்கேத எழுத்தில் எழுதிவைத்தார். 1834இல் யார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆன் வாக்கரோடு சேர்ந்து நற்கருணை பெற்றதைத் தங்கள் கல்யாணமாகவே இருவரும் கருதினார்கள்.

மூன்றாவது உதாரணம் நம்மை நேராகத் தொடுவது. எடின்பரோவில் பெண்கள் பள்ளி நடத்திய இரு ஆசிரியைகள் தகாத உறவில் இருப்பதாக 1810இல் ஒரு மாணவி பாட்டியிடம் சொன்னாள். பாட்டி மற்றக் குடும்பங்களுக்கும் சொல்ல, பள்ளி காலியாயிற்று. ஆசிரியைகள் வழக்குப் போட்டு, 1819இல் பிரபுக்கள் சபைவரை போய் வென்றார்கள். அந்த மாணவி இந்தியாவில் ஓர் இந்தியத் தாய்க்குப் பிறந்தவள். இப்படிப்பட்ட எண்ணம் பிரிட்டிஷ் பெண்களுக்கு வராது, இந்தியாவில் வளர்ந்தவளின் கற்பனையாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். இன்று நம் ஊரில் இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்கிறார்கள். அன்று அவர்கள் இதை நம் பக்கத்து ஏற்றுமதி என்றார்கள்!

இனிப் பணம். ஆஸ்டென் உலகில் காதலைவிடப் பணக்கணக்கு துல்லியமாக இருக்கும். உங்கள் கதையிலும் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது. 1857க்கு முன் முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேற வேண்டும். ஷார்லட் போன்றவளுக்கு அது நடக்காத காரியம். ஆனுக்கோ நிலைமை வேறு. பெண் வாரிசுகளை ஒதுக்கும் வழக்கம் தன் கணவர் குடும்பத்தில் இல்லை என்று லேடி கேத்தரின் பெருமையாகச் சொல்கிறார். அதாவது ரோசிங்ஸ் ஒருநாள் ஆனின் கைக்கு வரும். கல்யாணம் செய்துகொள்ளாதவரை அது அவளுடையதாகவே இருக்கும். டார்சி எலிசபெத்தை மணந்ததில் யாருக்கு லாபம் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

கடித விவரத்தையும் சரியாகப் பிடியுங்கள். 1840வரை தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கொடுக்க வேண்டும். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கூலி ஏறும். மனைவிக்கு வரும் ரகசியக் கடிதத்துக்குக் கணவர் காசு கொடுக்கிறார் என்பது ஒரு நல்ல காட்சி. ஆனால் ஒரு சந்து தாண்டினால் ரோசிங்ஸ் என்பதால் இங்கே தபாலே தேவையில்லை. சீட்டை எடுத்துப்போகும் வேலைக்காரப் பெண் யார், அவளுக்கு எழுத்து தெரியுமா என்பதுதான் உங்கள் பிரச்சினை.

பினாங்கில் போய்ப் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ஆஸ்டென் காலத்து ஆங்கிலேயர்கள் ஜார்ஜ் டவுனில் குடியிருந்தார்கள். 1818இல் கட்டிமுடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். காலின்ஸ் பிரசங்கம் செய்வது காதில் விழும். சுல்தான் அகமது ஷா சாலையில் உள்ள பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில், 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் சமாதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பெண்களின் கற்களைப் படியுங்கள். இன்னாரின் மனைவி, இன்ன வயது என்று முடிந்துவிடும். உங்கள் பாத்திரத்துக்கு உலகம் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். ஆயர் ஈத்தாம் பக்கம் உள்ள சஃபோக் ஹவுஸ் அந்தக் காலத்து ஜார்ஜிய பாணி மாளிகை. கூடத்தின் ஒரு மூலையில் தணிந்து பேசினால் மறுமூலைக்குக் கேட்குமா என்று தோழியோடு சோதித்துப் பாருங்கள். ஆனும் ஷார்லட்டும் அப்படிப்பட்ட அறையில்தான் பேசியாக வேண்டும்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. ஆஸ்டெனின் அத்தை பிலடெல்பியா, கணவன் தேடி 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் ஒருவரை மணந்தவர். ஷார்லட்டின் கணக்கு ஆஸ்டென் குடும்பத்திலேயே போடப்பட்ட கணக்குத்தான்.

கோலாலம்பூர்வாசிகளுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பகுதியும், தேசிய நூலகமும், ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. அங்கே போகும் முன் எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போங்கள்.

கதையை இங்கே கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. 1930களின் ரப்பர் தோட்டத்தில் காலின்ஸ் யார் என்று கேட்டால், துரை பங்களாவின் படிகளைத் துதிபாடும் தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணியார் என்று உடனே பதில் வரும்; வாசகர் சிரித்தும்விடுவார். ஆன் யார் என்று கேட்டால்தான் இடிக்கும். துரையின் மகளாக்கினால் கதை நிறத்தையும் அதிகாரத்தையும் பற்றியதாகிவிடும். எழுதலாம், ஆனால் அது வேறு கதை. பினாங்குச் செட்டியார் வீட்டு மகளாக்கலாமா என்று ஒருவர் கேட்டார். லெபோ பினாங்கில் செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கிய கிட்டங்கிகளில் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வந்த ஆண்கள்தான் இருந்தார்கள், குடும்பம் ஊரில். சரித்திரம் எளிதில் இடம் கொடுக்காது.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்கும் இரண்டு பால்மரம் வெட்டும் பெண்களை எடுங்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் பலகைச் சுவர். அல்லது 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களை எடுங்கள். வீட்டாரின் கண்பார்வையிலிருந்து அவர்கள் முதன்முறையாக விலகி வாழ்ந்த இடம் அந்த முகாம்.

தமிழில் எழுதும்போது

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாவலில் இவர்கள் மிஸ் டி பர்க், மிசஸ் காலின்ஸ் என்றுதான் ஒருவரையொருவர் அழைக்க முடியும். தமிழில் ‘நீங்கள்’ என்று தொடங்கி ‘நீ’ என்று வந்து நிற்கும் வரை உள்ள தூரம்தான் உங்கள் கதையின் நீளம். அதை அவசரப்பட்டுச் செலவழித்துவிடாதீர்கள். எந்த அத்தியாயத்தில், யார் வாயிலிருந்து, யார் இல்லாத நேரத்தில் முதல் ‘நீ’ வருகிறது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பணத்திலும் அந்தஸ்திலும் மேலே இருப்பவள் சொன்னால் அது உரிமை. கீழே இருப்பவள் சொன்னால் துணிச்சல். என்னைக் கேட்டால் ஷார்லட்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன மாதிரி. ஷார்லட் கோழி வளர்ப்பதும், லேடி கேத்தரின் அதற்கு யோசனை சொல்வதும் நாவலில் இருப்பவை. மற்றது நம்முடையது.

“இன்று எத்தனை, மிசஸ் காலின்ஸ்?” என்று ஆன் கேட்டாள்.

“ஒன்பது. உங்கள் அம்மா சொன்ன தீவனத்தைப் போடவில்லை, அதனால்தான் ஒன்பது.”

ஆனின் உதட்டோரம் அசைந்தது. ஜென்கின்சன் அம்மாள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தார். அந்த நேரத்தில் ஆன் வலக்கைக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். ஷார்லட் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அதில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. படிப்பறை ஜன்னலில் காலின்ஸின் தலை தெரிந்தது.

“நாளைக்கும் காற்று இருக்கும் என்கிறார்கள்,” என்றாள் ஆன்.

“இருந்தாலும் வாருங்கள்.”

இதில் யாரும் காதல் என்று சொல்லவில்லை. கையுறை கழன்றது, ஜன்னலில் ஒருவர் பார்க்கிறார், ‘வாருங்கள்’ என்பது வேண்டுகோளாக மாறியது. முதல் வரைவில் இதற்கு மேல் போகாதீர்கள். அகப்பாடல்களில் தோழி தலைவியைப் பற்றிப் பேசும் இடங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தோளையும் கண்ணையும் உற்றுப் பார்த்துப் பேசும் மொழி தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

இன்றைய அடையாளச் சொற்களைப் பாத்திரங்களின் வாயில் வைக்காதீர்கள். முன்னுரையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

முடிவு

காலின்ஸைக் காய்ச்சலில் கொல்லாதீர்கள். அது சோம்பேறித்தனம். காதலிகளில் ஒருத்தியைக் கொல்வது அதைவிட மோசம். போதுமான அளவு கொன்றாயிற்று, இந்த வகையை நாடி வரும் வாசகர் மகிழ்ச்சியான முடிவை எதிர்பார்த்துத்தான் வருகிறார். ஷார்லட் கர்ப்பமாக இருப்பதாக நாவலின் பிற்பகுதியில் காலின்ஸின் கடிதம் சொல்கிறது, அதையும் மறந்துவிடாதீர்கள். குழந்தையோடு கூடிய ஒரு முடிவு வேண்டும்.

அதற்கும் மூலத்திலேயே கதவு இருக்கிறது: மிசஸ் ஜென்கின்சனின் வேலை. பணக்காரப் பெண்ணுக்குத் துணையாக இன்னொரு பெண் அதே வீட்டில் இருப்பது அன்று மரியாதையான ஏற்பாடு. அந்த அம்மாளுக்கு வயதாகிறது. பாதிரியாரின் மனைவி தினமும் சில மணி நேரம் ரோசிங்ஸுக்கு வந்து மகளுக்குத் துணையிருக்க வேண்டும் என்று லேடி கேத்தரினே ஆணையிட்டால், காலின்ஸ் மறுப்பாரா? நன்றிக் கடிதம் எழுதுவார்! இப்படி ஒரு முடிவு அந்தக் காலத்துச் சட்டத்துக்குள்ளும் மூலத்தின் நகைச்சுவைக்குள்ளும் அடங்கும்.

வெளியிடும் முன்

நாம் இருப்பது மலேசியாவில். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், பதிப்புகள் சட்டப்படி உள்துறை அமைச்சர் ஒரு நூலைத் தடை செய்யலாம். தடை செய்த நூலை அச்சிட்டாலோ விற்றாலோ மூன்றாண்டுவரை சிறை, 20,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். தன்பாலீர்ப்பைப் பற்றிய ஒரு நூல் 2020இல் தடை செய்யப்பட்டது. 2022இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபடி நிலைநாட்டியது. ‘கடும் அநாகரிகச் செயல்’ என்பதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 377டி பிரிவு பெண்களுக்கும் பொருந்தும். முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு முடிவெடுப்பதற்காக. படுக்கையறைக் கதவை மூடிவைத்து எழுதுவதே என் ஆலோசனை. இந்தக் கதைக்கு அதனால் குறைவில்லை, கையுறையே போதும்.

புனைபெயர் வைத்துக்கொள்வது தமிழில் பழைய வழக்கம். ஆனால் இங்கே அச்சாகும் நூலில் அச்சகத்தார், பதிப்பாளர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்களே பதிப்பாளர் என்றால் புனைபெயர் உங்களை மறைக்காது. உங்களுக்குத் தெரிந்த உண்மையான இரு பெண்களின் வாழ்க்கையை வேடம் மாற்றி உள்ளே வைக்கவும் வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு விவரத்தைச் சொன்னால், யார் வீட்டுப் பெண் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

முதல் முயற்சி ஒரு சிறுகதையாக, மூவாயிரம் சொற்களுக்குள் இருக்கட்டும். அதை மூலநாவலைப் படித்த ஒருவரிடமும் படிக்காத ஒருவரிடமும் கொடுங்கள். மூலத்தோடு மோதும் இடத்தைப் படித்தவர் பிடித்துவிடுவார். படிக்காதவர் இரண்டாம் பக்கத்தில் ‘யார் இந்த ஷார்லட்?’ என்று கேட்டால், முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.